ஸ்கேனில் ஆடிய தலை

என் வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் உடனே தலையை ஆட்டி, "இருக்கேன்" என்பார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தபோது ஒட்டிக்கொண்டது. கீழே இருட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால் ஷிப்டே தேடக் கிளம்பிவிடுமாம். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் மனிதர் இன்னும் மேலே ஏறி வரவில்லை. தெருவில் காய்கறிக்காரர் கூவினால்கூட உள்ளேயிருந்து பதில் போகும்.

போன வருஷம் அவருக்கு விடாத தலைவலி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏற்றி, மூளை ரத்தக்குழாய்களை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழாயில் வீக்கம் மாதிரி தெரிகிறது, நிஜமானால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். ஆனால் படம் கலங்கியிருக்கிறதே, ஆடினாரா என்றும் கேட்டார். ஸ்கேன் எடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஆடாதீர்கள் என்று மைக்கில் அவள் சொன்னதும், இவர் மரியாதையாகத் தலையை ஆட்டி "இருக்கேன்" என்றாராம்.

அங்கே புதிதாக ஒரு மிஷின் வந்திருந்தது. கண் சிமிட்டுவதற்குள் படமெடுத்துவிடுமாம். பழையதில் எடுத்த ஆட்களையே இதிலும் எடுத்து, எது தெளிவு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் இவர் தலை ஆடிவிட்டது.

உள்ளே போகும் முன் பிடித்து நிறுத்தினேன். "இன்னாங்க, யாரு இன்னா சொன்னாலும் ஆடாதீங்க, பேசாதீங்க. நான் வந்து தொடுற வரைக்கும்."

ஸ்கேன் முடிந்தது. அந்தப் பெண் கன்னடத்தில் கூப்பிட்டாள், தமிழில் கூப்பிட்டாள். அசைவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த "இருக்கேன்" வராமல் நான் நின்றதேயில்லை. உள்ளே ஓடித் தோளைத் தொட்டேன்.

ஒரு கண்ணைத் திறந்தார். "நீதான சொன்ன?"

அடிக்கலாம் போல வந்தது. அழுதுவிட்டேன்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியதில் குழாய்கள் முருங்கைக் காம்பு மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. வீக்கம் எதுவும் இல்லை. முதல் படத்தில் இருந்தது இவர் தலையாட்டியதன் கலங்கல்தான். தலைவலிக்குப் பிரஷர் மாத்திரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது காலையில் அடுப்படியிலிருந்து சும்மாவே கூப்பிடுகிறேன். "இருக்கேன்" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அரிசி களைகிறேன்.