ஒரே அலுவலகத்தில் இரண்டு மருமகள்கள்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும் வேலை பார்த்ததும் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில்தான். தீப்பிடித்த கடை, வெள்ளம் புகுந்த வீடு என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கோப்புகளை மூத்தவள் வெகுகாலமாகப் பார்த்துவந்தாள். இளையவளை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிந்தது.

எல்லாக் கோப்புகளையும் கணினியில் ஒரே இடத்தில் வைக்கும் புது மென்பொருள் வந்தபோது, "இதெல்லாம் நாலு நாள் கூத்து" என்று மூத்தவள் உதறிவிட்டாள். இளையவள் அதைக் கரைத்துக் குடித்தாள். எந்த வீட்டுக்கு மதிப்பீட்டாளர் போனார், எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் திரையில் காட்டினாள். மேலாளர் மூத்தவளின் மேசையைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்க ஆரம்பித்தார். போதாக்குறைக்கு வீட்டில் மாமியாரும், கழுவின பாத்திரங்களை மூத்தவள் கையில் கொடுத்துக்கொண்டே, "சின்னவ இல்லன்னா அந்த ஆபீஸே ஓடாதாமே?" என்றார்.

புயலுக்குப் பிறகு விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. ஒருநாள் இளையவள் சாப்பிடப் போயிருந்த நேரம், மூத்தவள் அவள் கணினியில் ஏற்றிய கோப்புகளை உருட்டிப் பார்த்தாள். குறை ஏதாவது சிக்காதா என்றுதான். சிக்கியது. பழைய தெருவில் ஒரு தையல்காரரின் வீட்டுக் கூரையே பறந்திருந்தது. அவர் கோப்பில் இருந்ததோ, புதுத் தெருவில் அதே கதவு எண்ணுள்ள வீட்டின் படங்கள். லேசாக ஈரம் படிந்த ஒரு சுவர், அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூத்தவள் வாயைத் திறக்கவில்லை. அன்று வீடு திரும்பும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

சில நாள் கழித்துத் தையல்காரர் வந்தார். "சேதமே இல்லன்னு தள்ளிட்டீங்களாம். தார்ப்பாய்க்குக் கீழதாம்மா பிள்ளைங்களோட படுத்திருக்கோம்."

இளையவளின் முகம் வெளுத்தது. கோப்பு கோப்பாகத் தேடினாள். மேலாளர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இந்தக் காட்சிக்காகத்தான் மூத்தவள் காத்திருந்தாள். ஆனால் தையல்காரரை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

"தள்ளு" என்று எழுந்து இளையவளின் கணினிக்குப் போனாள். நேராகப் புதுத் தெரு வீட்டின் கோப்பைத் திறந்து, அங்கே மாறிப்போயிருந்த கூரையில்லாத வீட்டின் படங்களைக் காட்டினாள்.

"அனுபவம்னா இதுதான்!" என்றார் மேலாளர். கோப்பு அன்றே மறுபரிசீலனைக்குப் போனது.

இளையவள் மட்டும் அவளையே பார்த்தாள். "தேடாமலே எப்படிக்கா எடுத்தீங்க?"

மூத்தவள் தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். இளையவளும் மறுபடி கேட்கவில்லை. மாலையில் மாமியாரிடம், "இன்னைக்கு அக்காதான் என்னைக் காப்பாத்துனாங்க அத்தை" என்றாள். குரலில் குத்தல் துளியும் இல்லை. இப்படி ஒரு மனசு தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று மூத்தவளுக்கு அப்போது வந்த எரிச்சல், இளையவளின் வேலைத் திறமையைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

தையல்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. கூரை ஏறியது. அதற்கு முன்பே, மறுநாள் காலையிலேயே, மூத்தவள் தன் நாற்காலியை இளையவளின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க, அந்தப் படம் ஏத்துறத எனக்கும் காட்டு. மெதுவா" என்றாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.