ஸ்பானிஷில் ஓ.பி. சீட்டு எழுதிய மூன்று மாதம்

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுவது உட்கார்ந்த இடத்து வேலைதானே என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிப் பிழைக்கும் வேலையில் மாட்டியவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளின் நடுவில், பென்னாகரம் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. நடத்தியவர் ஸ்பெயினிலிருந்து வந்த சிஸ்டர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் எண்ணும் தேதியும் மாதமும் மட்டும் ஸ்பானிஷில்தான் வாயில் வரும். மூன்று மாதத்தில் அது பிடிபட்டால் எனக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று கடத்தூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கிணற்றடிப் பாடம்

குளிக்கும்போது வாளிக்கு ஒரு எண்ணாகச் சொல்லுவேன். ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ. தலை துவட்டும்போது மாதங்கள்: எனேரோ, பெப்ரேரோ, மார்சோ. மூன்றாம் நாள் அம்மா உபதேசியாரைக் கூட்டிவந்து என் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார். ஜெபம் முடிந்ததும் அவரிடம் அம்மா மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "வேலை போனா போவுதுங்க, புள்ள பழையபடி பேசுனா போதுங்க."

வரிசைச் சண்டை

டோக்கன் எண்ணை சிஸ்டர் கூப்பிடுவார், நான் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. தொலைந்தேன் என்று உட்கார்ந்திருந்தால், ஒருவரும் திணறவில்லை. வாராவாரம் கேட்டுக் கேட்டு, எனக்கு முன்பே ஊர் தேறியிருந்தது.

பாத்திரக்கடை பாய் உள்ளே நுழையப் பார்க்க, ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர் முந்தானையைச் செருகிக்கொண்டு மறித்தார்: "ஏனுங்க பாய், நான் கின்சே, நீங்க தியேசிசேஸ். பதினஞ்சு முன்னாடியா, பதினாறு முன்னாடியா?"

எட்டு நாள்

கடைசி மாதம் ஒரு திங்கட்கிழமை, கடத்தூர்க்காரர் நேரிலேயே வந்து என் வேலை நிரந்தரமா என்று கேட்டார். வழக்கமாக மறுபடி வர வேண்டிய தேதியைச் சொல்லும் சிஸ்டர், அன்று கூட்ட நெரிசலில் அவருக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்து "ஓச்சோ தியாஸ்" என்று முடித்துவிட்டார். எட்டு நாள். அன்று நாலாம் தேதி. எட்டைக் கூட்டி, கடத்தூர்க்காரருக்கும் ஒரு சீட்டுப் போட்டு, எல்லோர் சீட்டிலும் பன்னிரண்டு என்று எழுதினேன். கிழமையைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள், பதினொன்றாம் தேதியே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். சீட்டை யார் பார்த்தது? சிஸ்டர் சொன்ன எட்டை, சொன்ன நாளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். சந்தைக்குச் சந்தை எட்டு நாள்தானே! சிஸ்டர் ஊரிலும் அதே கணக்காம். எனக்கு உயிரே போய்விட்டது. ஆட்டுக்கார அம்மாள், "பாவம், படிச்ச புள்ளைங்க, உட்டுருங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார். சிஸ்டர் சிரித்து ஓய்ந்தபின் சொன்னார்: "புது ஆள் வந்தால் இந்தத் தப்பை முதலிலிருந்து செய்வான். நீ செய்து முடித்துவிட்டாய். நிரந்தரமாக இரு."

பூட்டிய கதவு

மறுநாள் பன்னிரண்டு, செவ்வாய். செவ்வாய்தோறும் சிஸ்டர் காட்டோரக் கிராமங்களுக்குப் போய்விடுவார்; ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்றுதான் வந்தார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில், இரண்டு பஸ் மாறிக் கடத்தூர்க்காரர் வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பூட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னண்டுன்னு எழுதுனது நீங்கதானுங்களே தம்பி? இந்தக் கையையா நிரந்தரம் பண்ணியிருக்காங்க?"

பெண்ணைக் கொடுத்தார், கல்யாணப் பத்திரிகைக்குத் தேதி எழுதும்போது மட்டும் பேனாவை என் பக்கம் நீட்டவே இல்லை.