ஆறு ஒயர் துண்டுகள்

எண்பதுகளின் பின்பாதியில் திண்டிவனத்தில் ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா புருஷன்; அங்கே மெஷின் ஓட்டுபவர். காணையிலிருந்து சைக்கிளில் விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வருவார். அங்கிருந்து இருவரும் காலை பாசஞ்சரில் போவோம். வறுத்த மல்லாட்டையைத் தோலுடைத்துக் கொறித்தபடி, எனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்.

பைப் மெஷினில் ஆறு இடங்களில் சூடு ஏற்ற வேண்டும். ஆறையும் கவனிக்க ஒரு புதுப் பெட்டி வந்தது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பெட்டி. பின்கதவைத் திறந்து, சூடு அளக்கும் கம்பிகள் வந்து சேரும் ஆறு இடத்திலும் குறுக்கே ஒரு ஒயர் துண்டை மாட்டி, பட்டனை அமுக்கினால் ஆறு பச்சை விளக்குகள் எரியும். பிறகு ஆறு துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கிவிட்டால் அந்த இடத்தின் சூடு பெட்டிக்குத் தெரியாது. குளிர்ந்து கிடப்பதாக நினைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனியில் இதைப் புரிந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்தார்கள். நான் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே, ராகு காலம் வருகிறது, கதவைச் சாத்து என்று முதலாளி விரட்டினார். சாத்தினேன். கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குறுக்கே மாலையும் போட்டார்கள்.

மறுநாள் காலை மெஷினை ஓட்டினார்கள். ஐந்து இடங்கள் ஏறின. நாலாவது முப்பது டிகிரியிலேயே நின்றது.

"மச்சான், நாலாவது ஏறவே மாட்டுது. கருகுன வாடை வேற வருது. ஒரு வாட்டி தொறந்து பாரேன்" என்றார் மாமா.

"டெஸ்ட் பண்ணியாச்சு மாமா. மாலை போட்டதைப் போயி தொறக்கச் சொல்றீங்களே" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மெஷினுக்குள் பிளாஸ்டிக் கருகி முனையை அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றப் போன மாமாவின் வலது கையில் உருகிய பிளாஸ்டிக் மொத்தமும் சீறிக்கொண்டு வந்து அப்பியது.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. மாலையை அறுத்துக் கதவைத் திறந்தேன். நாலாவதில் ஒயர் துண்டு அப்படியே இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதலாளி வந்து கேட்டபோது அவர் கண்ணெதிரே மறுபடி சோதித்துக் காட்டினேன். ஆறும் பச்சை. பெட்டியில் கோளாறு இல்லை என்றால் ஓட்டியவர் மேல்தானே தப்பு? மாமாவை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

சொல்லிவிடுவது என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணைக்குப் போனேன். மாமாவின் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயிருந்தன. அக்கா சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் அவசரப்பட்டு கழட்டிட்டேன் மச்சான். நல்லவேளை, பொட்டி மேல பழி வரல. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவலியே, அது போதும்."

நான் இளைத்துவிட்டதாகச் சொல்லி அக்கா எனக்கும் தட்டு வைத்தாள். காட்டுவதற்கென்று எடுத்துப்போன ஒயர் துண்டு சட்டைப் பையில் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என்னைப் போன்ற கோழையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது, எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருப்பதாக மாமா சொன்னார். அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். தாலி கட்டியதும் எல்லாரும் அட்சதை போட முன்னால் வந்தார்கள். இடது கையால் போடக்கூடாது என்று மாமா மட்டும் தூணோரமாக ஒதுங்கி நின்றார்.