தாளிப்புக் கரண்டியில் உருகிய ஈயம்

கரண்ட் போனால் என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். அறுபதுகளின் கடைசியில் கரண்ட் கட் என்று பாதி நாள் மிஷின் நின்றுவிடும். உடனே வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் லைன் வீட்டில் இருந்தது ஒரே அறை. அதற்குள் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார். உட்காரச் சொன்னால் உட்காருவார். நான் திரும்புவதற்குள் எழுந்துவிடுவார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இரண்டு பேரும் நாள் முழுக்க அந்த அறையில் இருந்தால் பாத்திரம்தான் உருளும்.

அதனால் அவர் மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் நானே பஸ்ஸுக்கு விரட்டிவிடுவேன். பல்லடம், குண்டடம் தாண்டித் தாராபுரம் போய், அமராவதி ஆற்றில் வாளை மீனுக்குத் தூண்டில் போடுவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். தூண்டிலை வீசிவிட்டு உட்கார்ந்த மனிதர், பொழுது சாயும்வரை அசையவில்லை. வீட்டில் என் எதிரில் ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருப்பாரா? அந்த ஆற்றின் மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆடி பிறந்ததும் அதுவும் கெட்டது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் சோற்றுத் தட்டில் மண் விழும். வீசிய தூண்டில் வீசியவர் காலடிக்கே திரும்பி வரும். வெறும் பையோடு வந்து நிற்பார்.

"காத்து எச்சு புள்ளே. தூண்டி நெலையா நிக்க மாட்டேங்குது" என்பார்.

பஸ்ஸை விட்டாலும் காற்று, செருப்பு அறுந்தாலும் காற்று. எதற்கெடுத்தாலும் பழி அதன் மேல்தான்.

முதலில் கனத்துக்காக மிஷினின் பழைய நட்டு ஒன்றைத் தூண்டிலில் கட்டிப் பார்த்தார். அது பாறை இடுக்கில் மாட்டித் தூண்டிலின் நைலான் நரம்போடு போயிற்று. கடையில் கிடைத்த சின்ன ஈயக் குண்டுகள் குளத்துக்குத்தான் லாயக்கு. அடுத்த கரண்ட் கட் அன்றைக்கு, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு துண்டு ஈயக் குழாயோடு வந்தார். இரண்டு செங்கல்லை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதிக் குண்டின் வடிவத்தைக் குடைந்தார். இரண்டையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கினால் அதுதான் அச்சு. நடுவில், கொக்கி ஒடிந்த மிஷின் ஊசி ஒன்றை, ஈயம் ஒட்டாமலிருக்க விளக்குக் கரியில் காட்டி நிறுத்தினார். ஈயம் இறுகியதும் ஊசியை உருவிவிட்டால், நரம்பு கோக்கத் துளை கிடைக்கும்.

எல்லாம் சரி. ஈயத்தை உருக்க எதை எடுத்தார் தெரியுமா? என் தாளிப்புக் கரண்டியை.

"ஏனுங்க, நாளைக்கு அதுல கடுகு போடறதா, குண்டு போடறதா?"

"வேற வாங்கித் தர்றேன் புள்ளே. சித்த தள்ளி நில்லு."

திட்டிக்கொண்டேதான் நின்றேன். ஆனால் முதல் குண்டை அச்சிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தபோது வாயை மூடிக்கொண்டேன். கத்தரிப் பிஞ்சு அளவு, பளபளவென்று, கைக்குள் சூடாக, கனமாக இருந்தது. இன்னொன்று செய்யுங்கள் என்று நானே சொன்னேன்.

இரண்டாவது குண்டை எடுக்கும்போது செங்கல்லில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. "காஞ்சு போச்சு, அதான் விரியுது" என்றார். ஆடிக் காற்றில் பஞ்சு நூல் காய்ந்து பட்டுப்பட்டென்று அறுந்துபோகும். அதற்காகக் கம்பெனியில் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள், ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். வீட்டில் நூல் சுற்றும் நானும் அப்படித்தான் செய்வேன். எது காய்ந்தாலும் தண்ணீர் காட்டுவது எங்கள் கைப்பழக்கம். அவர் சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்துச் செங்கல் மேல் தெளித்தபோது எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். மேலே ஈரம் இல்லை. உள்ளே செங்கல் குடித்த தண்ணீரை இரண்டு பேருமே நினைக்கவில்லை.

குனிந்து ஈயத்தை ஊற்றினார். சொய்யென்று ஒரு சத்தம், பின்னாலேயே படார் என்று வெடித்தது. கரண்டி ஒரு பக்கம் விழ, அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு குடம் தண்ணீரையும் அவர் முகத்தில் கொட்டிவிட்டு, குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கண்ணுக்குள்ளிருந்து டாக்டர் எடுத்தது கடுகளவு ஈயம். கட்டுப் போட்டார். பிரித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

கண் போனால் மிஷினும் போயிற்று. வட்டமாக நிற்கும் அத்தனை ஊசிகளில் ஒன்றுக்குக் கொக்கி ஒடிந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும். ஓடும்போதே அந்த ஓர் ஊசியைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அது இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சிவன்மலை முருகனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று அவனையும் திட்டினேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். அந்த நாட்களில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தது நான்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர், போகப் போகத் தெரியலாம் என்று மட்டும் சொன்னார். வீடு வந்ததும் இவர், வெளிச்சம் கூசுகிறது என்று கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு விளக்கை ஏற்றினேன்.

"அந்தக் குண்டை எடு புள்ளே. நரம்பையும் எடு."

எடுத்துக் கொடுத்தேன். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, குண்டை விளக்குக்கு நேராகப் பிடித்து நரம்பைக் கோக்கப் பார்த்தார். நரம்பின் நுனி குண்டுக்குப் பக்கத்தில் காற்றைக் குத்திக்கொண்டு போயிற்று. மறுபடியும் முயன்றார். இந்தத் தடவை குண்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அப்புறம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த மாதிரி, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"காத்து ஆட்டுது புள்ளே" என்று சிரித்தார்.

ஆடி முடிந்திருந்தது. சுவரில் தொங்கிய காலண்டர் தாள் அசையவில்லை, விளக்குத் திரியும் ஆடவில்லை.

"ஆமாங்க, காத்து எச்சாத்தான் இருக்குதுங்க" என்றேன். எழுந்துபோய், சாத்தியிருந்த கதவை இன்னொரு முறை சாத்தினேன்.