ஆடுகளத்துக்குள் வந்த மாலை

கோச்சடை கபடி அணியில் ஏழு பேர். அதில் ஆறு பேருக்குப் பாடிப் போகத்தான் ஆசை. எதிரணியின் பக்கம் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டே திரும்பினால் கூட்டம் விசில் அடிக்கும். பிடிக்கிறவனுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்? ஏழாவது ஆளான பேயாண்டி மட்டும் பதினோரு வருடமாக இடது மூலையில் குனிந்து நின்று, வருகிறவனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலதுகைச் சுண்டுவிரல் நிமிர்ந்து பல காலம் ஆகிறது.

பகலில் அவன் நெல் அரைக்கிற மில்லில் மூட்டை தூக்கினான். வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது. இன்னும் எத்தனை வருடம் முதுகு தாங்கும் என்று அவனுக்கே தெரியாது. அதனால்தான் 1983 ஆவணியில் பசுமலையில் நடந்த இறுதிப் போட்டியை அவன் கோப்பைக்கான ஆட்டமாக நினைக்கவில்லை. ஒரு நூற்பாலையின் கபடி அணிக்கு மூலையில் நிற்க ஆள் தேவைப்பட்டது. அந்த அணியின் மேலாளர் சீதாராமன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். அவர் தேர்ந்தெடுக்கிற ஆளுக்கு ஆலையில் நிரந்தர வேலை.

காலையில் கிளம்பும்போது மனைவி ஜெயக்கொடி சொன்னாள்: "வேலையோட வா. கோப்பையை அவய்ங்களே வச்சுக்கிரட்டும்."

எதிரணி தல்லாகுளம். டைப்ரைட்டிங் படிக்கிறவர்களும் கோர்ட்டில் நகல் எடுக்கிறவர்களுமாக ஒல்லி ஒல்லியாக வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் பேயாண்டிக்குப் பக்கத்தில் கைகோத்து நிற்க வேண்டிய விருமாண்டி சிரித்தான்.

"என்னாண்ணே, சோறு திங்காமலே வந்துட்டாய்ங்க போல!"

"சிரிக்காத மாப்ள. நான் காலைப் பிடிச்சா நீ வந்து நெஞ்சைக் குடுத்து அமுக்கு. மத்த அஞ்சு பேரும் விழுகணும். அம்புட்டுத்தான் ஆட்டம்."

அதை அவன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு வந்தால்தானே பழகுவதற்கு?

முதல் பாதியில் தல்லாகுளத்து ஆள் நான்கு முறை மூலைக்கு வந்தான். நான்கு முறையும் பேயாண்டி கணுக்காலைப் பிடித்தான். விருமாண்டியோ கோத்திருந்த கையை உதறிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தொடையைத் தட்டினான். மற்றவர்கள் கோவில் வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வந்தவன் பேயாண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டான். மண் வாய்க்குள் போனது. பேயாண்டி துப்பினான். மண்ணைத்தான் துப்பினானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

எதிர்ப்பக்கம் தல்லாகுளத்து மூலையில் சுடலை என்ற பையன் நின்றான். நாற்பத்தைந்து கிலோ இருப்பான். அவன் காலைப் பிடித்த அடுத்த நொடி ஆறு பேரும் சத்தமில்லாமல் வந்து மேலே விழுந்தார்கள். கோச்சடையின் மலைபோன்ற ஆட்கள் அந்தக் குவியலுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடந்தார்கள். அந்தப் பையன் மேல் பேயாண்டிக்குப் பொறாமை வந்தது. தன் ஆட்கள் பக்கம் திரும்பவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

இது போதாதென்று நடுவரோடு வாய்ச்சண்டை வேறு. அதற்கு மட்டும் மூன்று புள்ளிகள் போயின. இடைவேளையில் விருமாண்டியின் தாய்மாமன் காளை, சம்பங்கி மாலையோடு களத்துக்குள் வந்து மருமகன் கழுத்தில் போட்டார். ஊர்த் திருவிழா ஆட்டத்தில் அது வழக்கம். மருமகன் நன்றாக ஆடினால் மாமன் மாலை போட வேண்டும், இல்லையென்றால் மாமனுக்கு மரியாதை இல்லை. நடுவர் அவரை வெளியே அனுப்பிவிட்டு எச்சரித்தார்: "ஆட்டம் நடக்கும்போது உள்ள வந்தா எதிரணிக்குப் புள்ளி குடுத்துருவேன்."

"மாமா, இன்னொரு தரம் வந்துராதீக," என்று பேயாண்டி கும்பிட்டுச் சொன்னான்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் காளை. கையில் இன்னொரு மாலை இருந்தது.

தோண்டித் துருவிப் புள்ளி சேர்த்து, கடைசி இரண்டு நிமிடத்தில் கோச்சடை சமநிலைக்கு வந்தது. அப்போது பேயாண்டி ஒருவனின் காலைப் பிடிக்க, எந்தச் சாமி புண்ணியமோ, விருமாண்டி பாய்ந்து அமுக்கினான். வந்தவன் அவுட். கோச்சடைக்கு ஒரு புள்ளி முன்னிலை. பேயாண்டி தலை நிமிர்ந்து பார்த்தபோது சீதாராமன் நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார்.

அதே நேரம் காளை மாலையோடு களத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார்.

விசில். தல்லாகுளத்துக்கு ஒரு புள்ளி.

"எங்க மாமனையாடா சொல்ற?" என்று விருமாண்டி நடுவரின் சட்டையைப் பிடித்தான். மறுபடியும் விசில். இன்னொரு புள்ளி, விருமாண்டி வெளியே.

கடைசியாகப் பாடி வந்தவனைப் பிடித்துவிட்டால் ஆட்டம் சமமாகவாவது முடியும். அவன் மூலைக்கு வந்தான். பேயாண்டி இரண்டு கையாலும் காலைக் கட்டிக்கொண்டு, "அமுக்குங்கடா!" என்று கத்தினான். ஐந்து பேரும் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவன் இஞ்ச் இஞ்சாக இழுத்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான்.

சீதாராமன் சுடலையின் பெயரைக் குறித்துக்கொண்டார். போகும்போது பேயாண்டியிடம் நின்றார்.

"பிடி நல்ல பிடிங்க. ஆனா நீங்க பிடிச்சதுல ஒருத்தனுக்கு மேல நிக்கலையே."

லாரியில் ஏறியதும் கோச்சடைக்காரர்கள் ஜெயித்தவர்கள் மாதிரி பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். நடுவர் விலைபோய்விட்டான் என்று காளை சத்தியம் செய்தார். கசங்கிய மாலையைப் பேயாண்டி பக்கம் நீட்டினார். "நீயும் ஒரு பிடி பிடிச்ச மாப்ள, இந்தா."

பேயாண்டி லாரியை விட்டு இறங்கினான். நடந்தே போய்விடலாம் என்று செருப்பை மாட்டினான். பின்னாலேயே தல்லாகுளத்துத் தலைவன் வெங்கடரமணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, சுடலை ஆலைக்குப் போறான். எங்க மூலை காலி. ஞாயித்துக்கிழமை பயிற்சி. வாரீங்களா? அடுத்த வருசமும் அந்த ஆலைக்காரர் வருவாராம்."

பேயாண்டி யோசித்தான். ஊர் என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"உங்க மாமன்மாரு ஆட்டம் பாக்க வருவாகளா?"

"எங்க வீட்டுல யாருக்கும் இந்த ஆட்டமே பிடிக்காதுண்ணே."

"அப்ப வாரேன்," என்றான் பேயாண்டி.