பந்தலுக்குப் பின்னால் ஒரு பாலவாடி

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு எல்லோரும் பயப்படுவார்கள், மேளக்காரரை எல்லோரும் உபசரிப்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளிடம் மட்டும் வந்து, "என் பையனோட இன்னொரு செருப்பு எங்கே?" என்று கேட்பார்கள்.

எழுபதுகளில் நான் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பாலவாடியில் டீச்சர். பிறந்து வளர்ந்தது தேவிகுளத்துக்குப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பாலவாடியில் என்னோடு ஆயாவாக இருந்தவள் மாராத்தாள். முகூர்த்த நாட்களில் எங்கள் இருவரையும் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடும் வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. விருந்தாளியின் பிள்ளையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இங்கே என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

என்ன வாங்கணும்?

முதன்முதலில் எங்களைக் கூப்பிட்டவர் நல்ல தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள வீட்டு அம்மா. மூத்த மகள் கல்யாணத்தில் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து பந்தல் காலைப் பிடித்து ஆட்ட, தோரணம் மாப்பிள்ளையின் தகப்பனார் தலையில் விழுந்ததாம். இரண்டாவது மகளுக்கு அப்படி நடக்கக்கூடாது என்று பாலவாடிக்கே வந்துவிட்டார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ரப்பர் பந்து, பலூன், கலர்ப் பென்சில், இடையில் கொடுக்க பிஸ்கட் என்று மடமடவென்று அடுக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எதுக்குங்க டீச்சர்? அதுதான் பசங்க அத்தன பேரு இருக்கறாங்களே, ஒருத்தன வெச்சு இன்னொருத்தனுக்கு வெளையாட்டுக் காட்டுங்க."

இரண்டு கோஷ்டி

காசில்லாமல் கிடைப்பது என்ன என்று பார்த்தேன். பந்தல் போட்ட தென்னை ஓலையில் மீதி மலை மாதிரி கிடந்தது. நானும் மாராத்தாளும் உட்கார்ந்து பீப்பீ சுற்றினோம். முதல் பீப்பீ ஊதிய நிமிஷத்தில், அதுவரை கிணற்றடியிலும் வைக்கோல் போரிலும் இருந்த பிள்ளைகள் எல்லாம் எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆளுக்கொன்று கொடுத்து வரிசையில் நிற்கவைத்து ஊதச் சொன்னேன். ஒரு பிள்ளையும் அழவில்லை, ஒரு பிள்ளையும் பந்தல் காலைத் தொடவில்லை. இந்த வித்தைக்காகவே பிறந்தவள் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தலுக்குள் நாதஸ்வரக்காரர் ஏதோ உருக்கமாக ஆரம்பித்திருந்தார். அவர் ஒரு இழை இழுத்தால் எங்கள் பக்கத்திலிருந்து முப்பது பீப்பீ பதில் சொன்னது. தவில்காரர் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். கோபமே இல்லை. கும்பிட்டார். "டீச்சரம்மா, இந்த ஊட்டுக்காரங்க ஒரு செட்டுக்குத்தானுங்க பேசியிருக்கறாங்க. நீங்களே வாசிக்கறதுன்னா சொல்லிருங்க, நாங்க சாப்பிடப் போயிர்றோம்."

பேசினால் அவுட்

அடுத்த கல்யாணத்துக்குச் சத்தமே வராத விளையாட்டாக யோசித்துக்கொண்டு போனேன். பேசாமல் இருக்கும் போட்டி. வாயைத் திறந்தால் அவுட். கடைசிவரை திறக்காதவருக்கு ஒரு லட்டு கூடுதல். சமையல்காரரிடம் கெஞ்சி அந்த லட்டைக் கையோடு வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இலையில் வைத்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வந்து பார்த்த பெரியவர்கள் எல்லாம் மூக்கில் விரலை வைத்தார்கள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை மாலையைக் காணோம். பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ரோஜா மாலை. வாடாமல் இருக்கட்டும் என்று குளிர்ச்சியாகக் கொட்டகை ஓரம் ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஆணியில் நார் மட்டும் தொங்கியது. கீழே கன்றுக்குட்டி ஒன்று ஜரிகையை மென்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, உட்காரப் போட்ட ஜமக்காளம் பழசு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள். மாலையும் இல்லை என்றால் எழுந்து போவார்களோ என்று அவர் பயந்தார்.

மாராத்தாள்தான் தோட்டத்துச் செண்டுமல்லியைக் காட்டினாள். பிள்ளைகளை அவிழ்த்துவிட்டேன். ஓடிப்போய்ப் பறித்து, மடியில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினார்கள். பெரிய பெண்கள் தொடுத்தார்கள். மாப்பிள்ளை கழுத்தில் அது விழுந்தபோது, யாரோ வேண்டுதல் மாலை போலிருக்கிறது என்று பக்தியோடு சொன்னார்கள். ஆபத்து விலகியது.

எல்லாம் முடிந்த பிறகும் சரசு என்ற சின்னப் பெண் மட்டும் கையைத் தூக்கியபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். போட்டி முடிந்துவிட்டது, நீதான் ஜெயித்தாய் என்று சொல்லி லட்டைக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கன்னுக்குட்டி மொதப் பூவத் திங்கறப்பவே பாத்தனுங்க டீச்சர். சொன்னா அவுட்டாயிருவன்ல?"

சிவப்புக் கொடி

சொந்த ஊர்க் கல்யாணத்திலாவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தேவிகுளம் போனேன். சித்தப்பா மகள் கல்யாணம். கோவிலில் பூசை முடிந்து தோட்டத்து ஹாலில் விருந்து. மழை. சித்தப்பா என்னைப் பார்த்ததுமே, "ஏ புள்ள, நீ சும்மாதான இருக்க? இந்தப் பிள்ளைகளக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

அங்கே எந்தப் பிள்ளையும் ரயிலைப் பார்த்ததில்லை. கஞ்சிக்கோடு ஸ்டேஷனில் நான் பார்த்த ரயிலைப் பற்றிச் சொல்லி, முன்னால் நிற்பவர் சட்டையைப் பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தோணி என்ற பையன் இன்ஜின். பச்சைக் கொடி என்றால் போகணும், சிவப்பு என்றால் நிற்கணும், கொடி மாறாமல் கிளம்பினால் விபத்து என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். பந்தி வரிசைகளுக்கு நடுவே ரயில் ஓடியது. பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு இலையில் உட்கார்ந்தேன்.

சோறு பிசைந்து நிமிர்ந்தால் ரயிலைக் காணோம். பின்கதவு திறந்திருந்தது. வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. ஒரு பக்கம் சரிவு, அதற்குக் கீழே ஓடை. எச்சில் கையோடு, ஒவ்வொரு பெயராகக் கத்திக்கொண்டு ஓடினேன். பின்னால் சித்தப்பாவும் தாய்மாரும் ஓடிவந்தார்கள்.

சரிவுக்கு இந்தப் பக்கம், கடைசி லயத்துக்கு முன்னால் ரயில் நின்றிருந்தது. ஒருவரும் சட்டையை விடவில்லை. எல்லோரும் நனைந்திருந்தார்கள். நான் அந்தோணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. லயத்து வாசலில் கொடிக்கயிற்றில் தொங்கிய யாருடைய சிவப்புத் துண்டையோ காட்டிச் சொன்னான்: "செவப்புக் கொடியில்ல போட்டிருக்காவ! அதுக்கு அங்கிட்டு எப்படிக்கா போவ முடியும்?"

யானை என்ன ஆச்சு?

அதன் பிறகு நான் பிள்ளைகளை நகரவிடுவதில்லை. கதைதான். நானே கட்டிய கதை ஒன்று இருந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டு வருகிற யானையை எல்லைச் செக்போஸ்டில் நிறுத்தி, தும்பிக்கைக்குள் எத்தனை படி அரிசி கடத்துகிறாய் என்று கேட்பார்கள். அரிசிக் கடத்தல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலோடு தெரிந்த விஷயம் என்பதால் கதை நன்றாக எடுபடும்.

ஒரு தோட்டத்து வீட்டுக் கல்யாணத்தில் இந்தக் கதை பாதியில் இருக்கும்போது முன்பக்கம் ஒரே கூச்சல். பொண்ணைக் காணோம். கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், தோப்புக்குள் ஆள் ஓடுகிறது, அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். மாராத்தாள் முழங்கையால் என்னை இடித்தாள். பிள்ளைகளுக்கு நடுவில், மடியில் யாரோ ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, முழுக் கல்யாண அலங்காரத்தோடு மணப்பெண் சாவித்திரி உட்கார்ந்திருந்தாள். பத்தாவது எழுதி முடித்த கையோடு கல்யாணம். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

அத்தைக்காரி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சாவித்திரியின் கண் கலங்கி, மை கன்னத்தில் இறங்கியிருந்தது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். பயமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தைரியம் சொல்ல எனக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. குழந்தையை என் மடிக்கு மாற்றிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். "யானைய செக்போஸ்டு தாண்ட உட்டறாதீங்க டீச்சர். மறுவூட்டுக்கு வாரப்ப நானும் வந்து கேக்கறேன்."

இத்தனை கல்யாணங்களில் எடுத்த போட்டோக்களில் எதையாவது நீங்கள் பார்க்க நேர்ந்தால், ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கக் குனிந்திருக்கும் ஒரு முதுகு தெரியும், அதுதான் நான்.