கிணற்றுக்குள் என்னைத் தாங்கிய காலை ஜெபம்

நெஞ்சு வரை மண் மூடியிருந்தது. வலது கை மண்ணுக்குள். இடது கை மட்டும் வெளியே. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மண் இன்னும் கொஞ்சம் இறுக்கியது. கிணற்றின் பக்கச் சுவர் முப்பது அடி உயரம். அதில் பாதி ஏற்கெனவே என் மேல் சரிந்துவிட்டது. மீதிப் பாதி எந்த நேரமும் வரலாம். 'சாமுவேலு, உன் கதை இன்னியோட முடிஞ்சுது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சகோதர சகோதரிகளே, 1968-ஆம் வருடம் மே மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் கிணறு வெட்டுகிறவன். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் நாங்கள் நாலு பேர் வெட்டிக்கொண்டிருந்தோம். அன்று காலை பத்து மணி இருக்கும். மற்றவர்கள் கூடையோடு மேலே ஏறியிருந்தார்கள். நான் மட்டும் அடியில் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் மண் வந்துவிட்டது.

ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? நான் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். என் மனைவி எஸ்தர் அப்படி இல்லை. கோழி கூவும் முன்னே எழுந்து, விளக்கை ஏற்றி, வேதத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். படித்து முடித்து வெகுநேரம் மெல்லிய குரலில் ஜெபிப்பாள். சில நாள் அழுவாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவன் போலக் கிடப்பேன். "இவளுக்கு வேற வேலையில்ல" என்று மனசுக்குள் எரிச்சல் வேறு.

ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்த எரிச்சலோடு நான் கேட்ட ஜெபம்தான் கிணற்றுக்குள் என் வாய்க்கு வந்தது. "ஆண்டவரே, இன்னைக்கு என்னா வரும்னு எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். எங்கள ஆயத்தமா வெச்சிக்கும்." அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தேன். அவளுடைய ஜெபத்தைக் கடன் வாங்கித்தான் ஜெபித்தேன். மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

எஸ்தர் அன்று அடுத்த தோப்பில் மாங்காய்களைக் கூடையில் அடுக்கும் வேலைக்கு வந்திருந்தாள். என்னோடு வேலை செய்கிற முனியப்பா ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் வருவதற்குள் ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தினார்கள். அத்தனை கூச்சலுக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை. அலறல் இல்லை.

"எல்லாரும் கரைய உட்டு தள்ளி நில்லுங்க. நீங்க மிதிச்சா மண்ணு மறுபடியும் எறங்கும்."

கூட்டம் பின்வாங்கியது. பிறகு தோப்புக்காரரிடம் கேட்டாள்: "ஐயா, மாட்டுக்கொட்டாய் கதவ கழட்டிக் குடுப்பீங்களா? செவுத்துக்கு முட்டுக் குடுக்கணும்."

"ரெண்டு கதவையும் எடுத்துக்கம்மா" என்று அவரே ஓடினார்.

அவள் தரையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள். "ஏங்க, நான் வந்துட்டேன். நீங்க பேசாதீங்க. மூச்ச மட்டும் பாத்துக்குங்க. ஆண்டவர் அங்க உங்ககூட இருக்காரு, நான் இங்க இருக்கேன்."

முனியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றில் இறங்கினார்கள். மேலே தொங்கிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தும் இறங்கினார்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கதவுகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். என்னைச் சுற்றி மண்வெட்டி போட முடியாது. முனியப்பா கையாலேயே தோண்டினான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. "உங்க ஆண்டவர கூப்புட்டுக்கினே இருண்ணா, நான் தோண்டிக்கினே இருக்கேன்" என்றான்.

மத்தியானம் தாண்டியதும் மேற்கே கர்நாடகப் பக்கத்திலிருந்து மேகம் கருத்து வந்தது. காற்றில் மண்வாசனை. எல்லாருக்கும் தெரியும், ஒரு மழை அடித்தால் மீதிச் சுவரும் இறங்கிவிடும். என்னோடு அந்த மூன்று பேரும் போய்விடுவார்கள். அப்போதுதான் எஸ்தர் அத்தனை பேர் முன்னிலையிலும் முழங்கால் போட்டாள். அவள் சத்தமாக ஜெபித்தது எனக்குக் கீழே கேட்டது.

"ஆண்டவரே, இந்த மழை இந்த ஜனங்களுக்கு வேணும். வேணாம்னு நான் கேக்கல. கொஞ்சம் பொறுத்துத் தாரும்."

என் உயிர் ஊசலாடும்போதும் ஊராருடைய மழையை அவள் மறுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

மேகம் தலைக்கு மேலேயே நின்றது. இடி இடித்தது. ஒரு சொட்டு விழவில்லை. நாலு மணிவாக்கில் என்னைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். வலது கால் முறிந்திருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். வண்டி தோப்பைத் தாண்டவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. பின்னாலேயே முனியப்பா நனைந்துகொண்டு ஓடி வந்தான். "அண்ணா, மீதி செவுரும் எறங்கிடிச்சி! ரெண்டு கதவும் உள்ள போயிடிச்சி!" ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தைதான் என் வாயில் வந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுக் கிடந்தபோது எஸ்தரைக் கேட்டேன். "ஊரே அழுதுச்சே. நீ மட்டும் எப்படி அழாம நின்ன?"

கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் காலு ரெண்டும் ஆடிச்சிங்க. ஆனா நீங்க கெணத்துல எறங்கற ஒவ்வொரு நாளும், அழ வேண்டியத விடியறதுக்கு முன்னாடியே ஆண்டவர்கிட்ட அழுது முடிச்சிடுவேன். பகல்ல வேலை கெடக்குதில்ல?"

நான் போர்வைக்குள் கேட்ட அந்த அழுகை முழுவதும் எனக்காக! பன்னிரண்டு வருஷமாக இந்தப் பெண் ஒவ்வொரு காலையும் அந்த ஒரு நாளுக்காக ஆயத்தமாகியிருக்கிறாள். அது எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒவ்வொரு காலையும், அன்றைக்கு யாரைச் சந்திக்க வேண்டியிருக்குமோ அவர்கள் பெயரையும் சொல்லி ஜெபிப்பாளாம். தண்ணீர்க் குழாயடியில் அவளைத் திட்டுகிற பக்கத்து வீட்டுக்காரி பெயர்கூட அதில் உண்டு. "அந்தம்மா திட்டறதுக்கு முன்னாடியே மன்னிச்சிட்டா, திட்டறப்ப சிரிப்பு வந்துடுதுங்க" என்றாள்.

கால் தேற மூன்று மாதம் ஆனது. இன்றும் கொஞ்சம் நொண்டுகிறேன். முழங்கால் போட முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் வாயைத் திறந்தாலே கோபம்தான் வரும். இப்போது என் பெண்கள் இரண்டும் பயமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். இதையும் அற்புதம் என்றுதான் நான் சொல்லுவேன்.

அன்பானவர்களே, கிணறு சரிகிற அன்றைக்கு ஜெபிக்கக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டாலும் ஆண்டவர் முன்னால் உட்காருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், எஸ்தரோடு சேர்ந்து நானும் விடியற்காலையில் உட்கார்ந்தேன். வேதத்தை அவள் திறப்பதற்குள் தூங்கி விழுந்துவிட்டேன். விழித்தபோது வெயில் வந்திருந்தது. வெட்கத்தோடு அவளைப் பார்த்தேன். "நாளைக்கும் விடியுங்க" என்று சிரித்தாள்.

விடிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். ஆண்டவர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார்.